பேய்ப் படம் எடுப்பவர்களுக்கு, சாவிக்காரன் எழுதுவது

தமிழில் பேய்ப் படமும் பேய்த் தொடரும் எடுக்கும் இயக்குநர்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும்,

வணக்கம். காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், பதினாலு பங்காளிகளுக்குச் சொந்தமான ஒரு வீட்டின் சாவி என்னிடம் இருக்கிறது. எனக்கு முன்னால் என் அப்பாவிடம் இருந்தது. வீட்டுக்காரர்கள் சென்னையிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். காலையில் முகப்பைத் திறந்து கூட்டுவது, சாயங்காலம் விளக்கேற்றுவது, ராத்திரி பட்டாலை என்கிற முன்கூடத்தில் பாயை விரித்துப் படுப்பது, இதுதான் என் வேலை. உங்களில் ஒரு குழு அங்கே பதினொரு நாள் பேய்த் தொடர் எடுத்தது. நடந்ததெல்லாம் தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும். இரண்டு முறை போன் செய்தேன், "பார்க்கிறோம்ணே" என்றார்கள். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் போல.

பேய்ப் படம் பிடிக்காதவன் எழுதுகிறான் என்று நினைத்துவிடாதீர்கள். விடாது கருப்பு சன் டிவியில் ஓடிய காலத்தில், பக்கத்து வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தவன் நான். முடிந்ததும் வீட்டுக்கு வர நாற்பதடி தூரம். அதை ஓடியே கடப்பேன். 2009இல் யாவரும் நலமும் ஈரமும் வந்தன. ஒன்றில் தினமும் பால் திரிந்துபோகும், லிப்ட் கதாநாயகன் ஒருவனுக்கு மட்டும் ஓடாது. இன்னொன்றில் வெறும் தண்ணீர். இரண்டுமே பிளாட் வீட்டில் நடக்கிற கதை. பாழடைந்த பங்களாவும் வேண்டியிருக்கவில்லை, நூலாம்படையும் வேண்டியிருக்கவில்லை. பீட்சா, பிசாசு, மாயா எல்லாவற்றையும் தியேட்டரில் காசு கொடுத்துப் பார்த்தேன். இப்போது செல்போனில், அறுபது கதவுள்ள இருட்டு வீட்டின் நடுவில் தனியாகப் படுத்துக்கொண்டு பார்க்கிறேன். இதைவிட நல்ல ரசிகன் உங்களுக்கு எங்கே கிடைப்பான்?

ஆகவே என் கோரிக்கை ஒரு ரசிகனின் கோரிக்கைதான். எங்கள் ஊர் வீட்டில் பேய்ப் படம் எடுக்க நினைத்தால், கதை எழுதும் முன்னால் ஒரு ராத்திரி அங்கே வந்து தங்குங்கள். லைட், ஜெனரேட்டர், கேரவன் எதுவும் வேண்டாம். ஒரே ஒரு ராத்திரி. அதற்கப்புறம் எடுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்றால், வந்த குழுவுக்கு வீட்டைப் பார்க்கவே நேரமில்லை. முதல் நாளே ட்ரோனை மேலே ஏற்றினார்கள். முகப்பு வாசலில் நின்று பார்த்தால் பட்டாலை, முற்றம் உள்ள வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று கதவுக்குள் கதவாக எல்லாம் ஒரே நேர்கோட்டில் போகும். கடைசியில் பின்வாசல், தீப்பெட்டி அளவு வெளிச்சமாகத் தெரியும். நடுவில் யாராவது கடந்தால் அந்த வெளிச்சம் ஒரு நொடி அணைந்து வரும். முப்பது வருஷமாகப் பார்க்கிறேன், எனக்கே சில நாள் முதுகு சில்லென்றிருக்கும். அந்த ஒரு ஷாட்டை எடுக்க கேமராவும் முக்காலியும் போதும். எடுக்கவில்லை. பதிலாக, நான் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து வைத்திருந்த ஆத்தங்குடிக் கல் தரையில் சாம்பலைக் கொட்டினார்கள், மெஷினை வைத்து நூலாம்படை அடித்தார்கள். உண்மையான நூலாம்படை வேண்டுமென்றால் இரண்டாம் கட்டில் கேட்டிருக்கலாம். சும்மாவே கொடுத்திருப்பேன்.

சத்தமும் அப்படித்தான். பகலெல்லாம் வெயில் குடித்த பர்மாத் தேக்கு, ராத்திரி குளிரக் குளிர முனகும். பதினொரு மணிக்குமேல் ஒவ்வொரு உத்தரமாகச் சத்தம் கொடுக்கும். மச்சில் மரநாய் நடக்கும், மனுஷன் நடப்பது மாதிரியே இருக்கும். ஓட்டு விளிம்பிலிருந்து வளவு முற்றத்தில் சொட்டும் மழை, விட்ட பிறகும் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருக்கும். தொடரில் என்ன வைத்திருக்கிறார்கள்? கொலுசு. எங்கள் வீட்டில் பேயே இருந்தாலும் அந்தக் கொலுசைக் கேட்டுச் சிரித்திருக்கும்.

இதெல்லாம் ரசிகனின் வருத்தம், விடுங்கள். சொல்ல வந்தது கையைப் பற்றி.

எங்கள் சாமி வீட்டு, அதாவது சாமி கும்பிடும் அறையின், சுவர் சுண்ணாம்பு, கருப்பட்டி, கடுக்காய், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் பூசி, இழைத்து இழைத்து எடுத்தது. கட்டிய நாளிலிருந்து வெள்ளையடித்ததில்லை. கன்னத்தை வைத்தால் சித்திரையிலும் ஜில்லென்றிருக்கும். அந்த அறைக்குள் போகக் கூடாது என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தேன். கடைசி நாள் நான் மருந்து வாங்கப் போன நேரத்தில் போயிருக்கிறார்கள். திரும்பி வந்தபோது, தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், சுவரில் ஒரு கை. சின்னப் பிள்ளையின் கை. ஐந்து விரலும் சிவப்பாக, கட்டைவிரலில் இருந்து ஒரு கோடு கீழே வழிந்திருந்தது. கேட்டதற்கு, "கலர்தான்ணே, துடைத்தால் போய்விடும்" என்றார்கள்.

போகவில்லை. அது சர்க்கரைப் பாகில் கலந்த சாயம். முதலில் எறும்பு வந்தது. அடுத்த நாள் காலையில் பார்த்தால் அந்தக் கையைச் சுற்றி எறும்பு சாரி சாரியாக நிற்கிறது. ஈரத் துணியால் ஒற்றி எடுத்தேன். பாகு போனது, சாயம் சுண்ணாம்புக்குள் இறங்கிவிட்டது. எலுமிச்சை தேய்க்கலாமா என்று கொத்தனாரைக் கேட்டேன். புளிப்பு பட்டால் சுவரே அரித்துவிடும், அந்த இடத்தை வெட்டி எடுத்து மறுபடி பூச வேண்டும், பழைய பூச்சு தெரிந்த ஆள் இப்போது கிடைப்பது கஷ்டம் என்றார்.

படைப்புக்கு எட்டு நாள்தான் இருந்தது. படைப்பு என்றால் என்ன என்று உங்கள் கதை இலாகாவில் யாருக்காவது தெரியுமா? அந்த வீட்டில் வாழ்ந்து இறந்தவர்களுக்காகப் பங்காளிகள் எல்லாரும் ஊருக்கு வந்து கூடுவார்கள். புதுச் சேலை, வேட்டி வைத்து, சமைத்து, இலை போட்டுக் கும்பிடுவார்கள். அதாவது, செத்துப்போனவர்களைக் கூப்பிட்டுச் சோறு போடுகிற வீடு அது. நீங்கள் சாமியாரை வைத்து, எலுமிச்சம்பழத்தை நறுக்கி, அவர்களை விரட்டுகிற வீடாக ஆக்கி வைத்திருக்கிறீர்கள்.

சென்னையிலிருந்து மூத்த ஆச்சி வந்தார். எண்பதைத் தாண்டியவர். சாமி வீட்டு வாசலில் நின்று அந்தச் சுவரையே பார்த்தார். "எந்தப் பிள்ளை கையப்பா இது?" என்று கேட்டார். சினிமாக்காரர்கள் வைத்தது என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய தங்கை ஆறு வயதில் அந்த வீட்டில்தான் காய்ச்சலில் போனது. அது எனக்கு அப்பா சொல்லித் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து ஆச்சியே போய் ஒரு பாயைச் சுருட்டி எடுத்துவந்து அந்தக் கையை மறைத்துச் சாய்த்து வைத்தார். படைப்பு முடியும் வரை பாய் அப்படியே இருந்தது. பேய்ப் படத்தில் இந்தக் காட்சியை நீங்கள் எழுதியிருந்தால் நான் எழுந்து நின்று கை தட்டியிருப்பேன்.

நடக்காத காரியத்தைக் கேட்கவில்லை. மிஷ்கின் 2014இல் பிசாசு எடுத்தார். செத்துப்போன மகள் பேயாக இருக்கிறாள் என்று தெரிந்ததும் அப்பன் மந்திரவாதியையா தேடுகிறான்? மகளே, வீட்டுக்கு வந்துவிடு என்று அழுகிறான். அப்பனாக நடித்த ராதாரவியை அப்படி யாரும் அதற்கு முன் காட்டியதில்லை. எங்கள் ஆச்சிக்குப் புரிகிற பேய்ப் படம் அது. 2022இல் மலையாளத்தில் ராகுல் சதாசிவனின் பூதகாலம் வந்தது. ஒரு சாதாரண வீடு, ஒரு அம்மா, ஒரு பிள்ளை, அவ்வளவுதான். அதே ராகுல் சதாசிவன் 2024இல் பிரமயுகம் எடுத்தார். கருப்பு வெள்ளை, ஒரே ஒரு இடிந்த மனை, விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். அந்த வீட்டின் ஒவ்வொரு தூணும் படம் முடியும்போது நமக்குத் தெரிந்திருக்கும். இயக்குநர் அந்த வீட்டுக்குள் இருந்து யோசித்திருக்கிறார் என்று பார்த்த உடனே தெரிகிறது.

நம் பக்கம்? 2014இல் அரண்மனை, 2016இல் இரண்டு, 2021இல் மூன்று, 2024இல் நான்கு. நாலாவதில் அஸ்ஸாம் வரை போய் 'பாக்' என்கிற பேயைக் கூட்டிவந்தார்கள். பேய் எப்போதும் வெளியூரிலிருந்துதான் வர வேண்டும் போல. மணிச்சித்திரத்தாழில் மலையாளிகளுக்குத் தஞ்சாவூர்க்காரி பேய். அதையே நாம் சந்திரமுகியாக எடுத்தபோது தெலுங்குக்காரி. பக்கத்து மாநிலத்துக்குப் பேய் ஏற்றுமதி செய்வதற்கு ஏதாவது மானியம் உண்டா, தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் ரிஷி தொடரில் காட்டை நன்றாகக் காட்டினார்கள், அதில் வரும் வனரட்சி என்கிற காட்டுப் பேயும் நம் மண்ணில் முளைத்த மாதிரிதான் இருந்தாள். பத்து எபிசோடு எதற்கு? ஆறில் முடித்திருந்தால் நானும் ஒரு ராத்திரி தூங்கியிருப்பேன். அப்புறம் இந்த வெள்ளைச் சேலை. எங்கள் ஆச்சிமார்களில் பாதிப் பேரைக் கண்டாங்கிச் சேலையில்தான் பார்த்திருக்கிறேன். அவர்கள் பேயானால் மட்டும் யார் சேலையை மாற்றிவிடுகிறார்கள்?

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். மன்னிக்க வேண்டும்.

டிரைலரில் எங்கள் முகப்புக் கஜலட்சுமி தெளிவாகத் தெரிந்தாள். அதை வைத்தே ஊரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இப்போது சனிக்கிழமை ராத்திரியானால் பையன்கள் செல்போனோடு பின்சுவர் ஏறுகிறார்கள். ஆழ்வார்பேட்டையில் டிமான்டி காலனி தெருவுக்கும் அதே பேரில் வந்த பேய்ப் படத்துக்கப்புறம் இதே கதி என்று கேள்விப்பட்டேன். போன வாரம் மூன்று பேர். நான் பட்டாலையில் எழுந்து உட்கார்ந்து "யாரப்பா?" என்றேன். வெள்ளை வேட்டி, வெள்ளைத் தலை. ஒருவன் தூணில் முட்டிக்கொண்டான், ஒருவன் முற்றத்தில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டான். தண்ணீர் கொடுத்து, மஞ்சள் வைத்து அனுப்பினேன். மறுநாள் அவன் அம்மா போனில் என்னைத் திட்டினார், பிள்ளையைப் பயமுறுத்திவிட்டேனாம்.

எனக்கு அந்த வீட்டில் பயம் ஒன்றே ஒன்றுதான், பகலில் கேட்கிற சுத்தியல் சத்தம். எதிர் வீட்டைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். தூண் ஒரு நாள், நிலைக்கதவு ஒரு நாள் என்று லாரி ஏறிக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளுக்குப் போகிறது. பேய் வீடு என்று பேர் கெட்டுப்போனால், பதினாலு பங்காளிகளில் விற்றுவிடலாம் என்று ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கும் நாலு பேருக்கு அது போதும்.

ஆகவே மறுபடியும் அதையேதான் கேட்கிறேன். படம் எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏவிஎம்மின் நாம் இருவர் 1947இல் காரைக்குடி ஸ்டூடியோவிலிருந்து வந்த படம். சினிமா எங்களுக்குப் புதிதில்லை. ஒரு ராத்திரி வந்து தங்குங்கள். தங்கியவர் யாரும் சாமி வீட்டுச் சுவரில் கை வைக்க மாட்டார், ஊர் அடையாளம் தெரிகிற மாதிரி வாசலைக் காட்டவும் மாட்டார் என்பது என் நம்பிக்கை. அந்தச் சுவரைச் சரிசெய்யப் பழைய பூச்சு தெரிந்த கொத்தனார் ஒருவரை, வந்த குழு தயவுசெய்து அனுப்பி வைக்க வேண்டும். கூலியில் பாதியைத் தருவதாக ஆச்சி சொல்லியிருக்கிறார். அதை வாங்கிக்கொள்ள உங்களுக்கு மனசு வருமா என்று பார்க்கலாம்.

வருவதாக இருந்தால் அமாவாசையை ஒட்டி வாருங்கள். ராத்திரிச் சாப்பாடு எங்கள் வீட்டில். கொசுவத்தி கொண்டுவாருங்கள், முற்றத்துப் பக்கம் கடி அதிகம். நான் முன்னால் பட்டாலையில்தான் படுத்திருப்பேன், கூப்பிட்டால் கேட்கும். பின்வாசல் பூட்டு மட்டும் கொஞ்சம் மக்கர் பண்ணும். சாவியை லேசாகத் தூக்கிப் பிடித்து இடது பக்கம் திருப்ப வேண்டும்.

இப்படிக்கு,
சாவி வைத்திருப்பவன்