ஸ்விண்டனிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பா,

நலம். நீங்களும் அம்மாவும் நலம்தானே? குளிர் பழகிவிட்டது, சாப்பாட்டுக்கும் குறைவில்லை, அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். இங்கிலாந்தில் நான் குடியிருக்கும் இடமும் நம் பொன்மலை போல ரயில்வே பட்டறைக்காகவே கட்டிய குடியிருப்பு என்பதால் இதை உங்களுக்கு எழுதியே ஆக வேண்டும்.

லண்டன்–பிரிஸ்டல் பாதை போட்ட கிரேட் வெஸ்டர்ன் கம்பெனி 1843-ல் இங்கே பட்டறையைத் திறந்தது. வேலையாட்களுக்காகப் பக்கத்திலேயே சுமார் 300 கல் வீடுகள். தெருக்களுக்குப் பேர் பிரிஸ்டல், எக்ஸிடர், டான்டன் என்று எல்லாம் ரயில் போகும் ஊர்கள்தான்!

என்னை அசத்தியது இவர்களின் மருத்துவ நிதி. 1847-லேயே ஆரம்பித்துவிட்டார்கள். சம்பளத்தில் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள், அதிலிருந்து தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் டாக்டர், மருந்து, 1871-ல் ஒரு சிறிய ஆஸ்பத்திரி, அப்புறம் 1892-ல் நீச்சல் குளத்தோடு பெரிய குளியல் கட்டடம், அதிலேயே மருந்தகமும். 1948-ல் நாடு முழுவதற்கும் அரசு மருத்துவம் வந்ததற்கு இதுவும் ஒரு முன்மாதிரி என்று இங்குள்ளவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமை நியாயமானது, ஏனென்றால் இதற்கான காசு அவர்கள் உழைத்த கூலி.

அந்தக் காலத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை 'டிரிப்' என்று தொழிலாளர்களுக்கு ஒரு சுற்றுலா இருந்தது. 1849-ல் சுமார் 500 பேர் ஆக்ஸ்ஃபோர்டு போனதில் தொடங்கி, 1900-களின் ஆரம்பத்தில் இருபதாயிரம் பேருக்கு மேல் குடும்பம் குடும்பமாகக் கடற்கரை ஊர்களுக்குக் கிளம்பியிருக்கிறார்கள். ரயில் இலவசம், ஆனால் லீவு நாட்களுக்குச் சம்பளம் கிடையாது. ஊர் திரும்பியதும் கையில் காசில்லாமல் எத்தனை வீட்டுப் பெண்கள் திண்டாடியிருப்பார்கள், பாருங்கள்.

பட்டறையை 1986-ல் மூடிவிட்டார்கள். அதன் கட்டடங்களில் இப்போது ஒரு ரயில்வே அருங்காட்சியகமும் பெரிய கடைவீதியும் இருக்கின்றன. ஆனால் குடியிருப்புக்கு நடுவே 1855-ல் திறந்த மெக்கானிக்ஸ் இன்ஸ்டிட்யூஷன், நூலகமும் வகுப்புகளும் நாடகமும் நடந்த இடம், பட்டறை மூடியதிலிருந்து பூட்டியே கிடந்து பாழாகிவிட்டது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கோபம் வருகிறது, இடித்துவிடாமல் எப்படியாவது காப்பாற்ற வேண்டும்.

உங்கள் காலத்தில் பொன்மலையில் சம்பளத்திலிருந்து எதற்கெல்லாம் பிடித்தார்கள், சங்கத்துக்கு எவ்வளவு கட்டினீர்கள்? ஞாபகம் இருப்பதையெல்லாம் விவரமாக எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்