பழவேற்காட்டில் படகில் ஏறி வந்த அண்ணனுக்கு

போன சனிக்கிழமை ஏரி நடுவில் எங்கள் ஃபைபர் படகில் தாவி ஏறினீர்களே, பேர்கூடக் கேட்கவில்லை.

அப்பா காலத்து 2 ஸ்ட்ரோக் மோட்டார். பாதி வேகம்வரை ஒழுங்காக ஓடும். முழுசாக முறுக்கினால் ஒரு நிமிடத்தில் மூச்சு வாங்கும். பிளக் மாற்றி, கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றிக் கழுவி, பணம் போனதுதான் மிச்சம்.

நான் கூப்பிடவே இல்லை. டேங்க் மூடியின் காற்றுத் துளை திறந்திருக்கிறதா என்று பார்த்தீர்கள். "முழுசா முறுக்கு தம்பி" என்று சொல்லிவிட்டு, திணறும்போது பெட்ரோல் குழாயில் இருக்கும் ரப்பர் பல்பை அமுக்கி, கையாலேயே பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருந்தீர்கள். மோட்டார் சீறிக்கொண்டு எழுந்தது! "கார்புரேட்டர் இல்ல, பம்புதான்."

கரையில் பெட்ரோல் பம்பைப் பிரித்தால், உள்ளே பெட்ரோலைத் தள்ளும் மெல்லிய சவ்வு, அந்த டயாஃப்ரம், விறைத்து, ஓரத்தில் கீறியிருந்தது. மெதுவாகப் போக அது தரும் பெட்ரோல் போதும், முழு வேகத்துக்குப் பத்தாது என்றீர்கள். அப்புறம் வீட்டுக்குப் போய், எடுத்துவைத்திருந்த புது டயாஃப்ரமைக் கொண்டுவந்து மாட்டினீர்கள்.

காசு வாங்கவில்லை. டீக்கும் நீங்களே கொடுத்துவிட்டீர்கள், அதுதான் எனக்கு இன்னும் கூச்சம்.

ரொம்ப நன்றி அண்ணே. புது டயாஃப்ரம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், உங்களுடையதுக்குப் பதிலாக. அடுத்த சனிக்கிழமை அதே கரையில் இருப்பேன்.