பிரஷ்ஷில் இருந்த பஞ்சு பற்றி, நம் பார்லருக்கு வருகிறவர்களுக்கு ஒரு மடல்

அக்காமார்களுக்கும் தங்கச்சிகளுக்கும் வணக்கம்ங்க.

அந்த போட்டோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நம் கடைக் கண்ணாடிக்கு முன்னால் இருந்த ரோஸ் கலர் பிரஷ், அதன் பற்களுக்கு அடியில் மெத்தை போட்ட மாதிரி சாம்பல் நிறப் பஞ்சு, கீழே "இதைத்தான் எல்லோர் தலைக்கும் போடுகிறார்கள்" என்று ஒரு வரி. லைன் வீட்டு குரூப்பில் ஆரம்பித்து, பனியன் கம்பெனி குரூப்புகளைச் சுற்றி, கடைசியில் என் நாத்தனார் மூலமாக எனக்கே வந்து சேர்ந்தது. எடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். பெயரைச் சொல்லப் போவதில்லை. அவரும் நம்மிடம் வருகிறவர்தான், இனியும் வரலாம்.

திருப்பூர் பி.என். ரோட்டிலிருந்து பிரிகிற சந்துக்குள் ஒன்பது வருஷமாக இந்தக் கடையை வைத்திருக்கிறேன். "ரேட் ஜாஸ்தி" என்று சொல்லியிருக்கிறார்கள். "ஒரு இஞ்ச் வெட்டச் சொன்னால் மூன்று இஞ்ச் வெட்டிவிட்டாய்" என்று சண்டைக்கு வந்திருக்கிறார்கள். அதெல்லாம் தொழிலில் உண்டு. "சுத்தமில்லை" என்று மட்டும் ஒருத்தர் வாயிலிருந்தும் வந்ததில்லை. போட்டோவுக்குக் கீழே வேறொருவர், பஞ்சுக்கு நடுவில் சிவப்பு வட்டம் போட்டு, "ஈர் இருக்கிறது பாருங்கள்" என்று எழுதியிருந்தார். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வட்டத்துக்குள் இருந்தது ஈர் இல்லைங்க. துணி ஓரத்தைத் தைக்கிற ஓவர்லாக் மிஷின் வெட்டித் தள்ளுகிற நூல் பிசிறு. இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈர் என்பது முடியின்மேல் பசை வைத்து ஒட்டினது போல இருக்கும். ஊதினால் பறக்காது, உதறினால் விழாது, விரலால் தள்ளினால் நகராது. இரண்டு நகத்துக்கு நடுவில் பிடித்து இழுத்தால்தான் வரும். முட்டைக்குத் தலையின் சூடு வேண்டும் என்பதால், பேன் அதை வேரிலிருந்து கால் இஞ்சுக்குள்தான் வைக்கும். ஏழு முதல் பத்து நாளில் பொரிந்துவிடும். முடி மாதத்துக்குச் சுமார் அரை இஞ்ச் வளர்வதால், வேரை விட்டு ரொம்பத் தள்ளி வெள்ளையாக ஒட்டியிருப்பது பெரும்பாலும் பொரிந்துபோன வெறும் கூடுதான். பொடுகு வேறு ரகம், அது செதில் செதிலாகத் தோளில் உதிரும். பஞ்சு முடியைச் சுற்றிக்கொண்டு நிற்கும், விரலால் தள்ளினால் வழுக்கி நகரும், பிடித்து இழுத்தால் நூலாக நீளும். சந்தேகம் இருக்கிறவர்கள் ஜன்னல் வெளிச்சத்தில் நின்று நகத்தால் ஒரு முறை தள்ளிப் பாருங்கள், அரை நிமிஷ வேலை. போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தால் அந்த வெள்ளைத் துணுக்குக்கு ஒரு வால் தெரியும். ஈருக்கு ஏது வால்?

சரி, அந்தச் சாம்பல் பஞ்சு எங்கிருந்து வந்தது? உங்கள் தலையிலிருந்தும் என் தலையிலிருந்தும்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த ஊரில் அது இல்லாத தலை இருந்தால் எனக்குக் காட்டுங்கள். பார்லர் தொழிலுக்கு வருவதற்கு முன்னால் நானும் பனியன் கம்பெனியில் டெய்லருக்கு உதவுகிற கைமடியாகச் சேர்ந்து, அப்புறம் செக்கிங்குக்குப் போய், பதினொரு வருஷம் இருந்தவள். ஒன்றரை ஷிப்ட் முடிந்து வீட்டுக்குள் நுழைந்தால் என் மாமியார் "என்னம்மா, காலையில் கருப்பாகப் போன தலை ராத்திரி நரைத்து வருது" என்பார். புருவத்திலும் காதோர முடியிலும்கூடப் பஞ்சு உட்கார்ந்திருக்கும்.

இன்றைக்கும் நாற்காலியில் உட்காருகிறவர் வாயைத் திறப்பதற்கு முன்பே எந்த செக்‌ஷன் என்று சொல்லிவிடுவேன். கட்டிங்கில் இருப்பவர் தலையில் மாவு தூவினது போல நைசாக இருக்கும். ஓவர்லாக் பக்கம் உட்காருகிறவர்களுக்குப் பிசிறு. குளிர்கால ஆர்டருக்கு ஃப்ளீஸ் துணி ஓட்டும்போது ரைசிங் மிஷினில் கம்பிப் பல்லால் துணியைக் கீறி ரோமம் எழுப்புவார்கள் இல்லையா, அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்களின் பின்னலில் குட்டிக் குட்டி உருண்டையே கிடைக்கும். பஞ்சின் கலரைப் பார்த்தால் கம்பெனியில் இந்த வாரம் நேவி ப்ளூ ஓடுகிறதா மெரூன் ஓடுகிறதா என்பதும் தெரிந்துவிடும். எல்லாக் கலரும் சேர்ந்து, தலை எண்ணெயும் ரோட்டுத் தூசியும் உதிர்ந்த தோலும் கலந்தால் கடைசியில் சாம்பல். நீங்கள் போட்டோவில் பார்த்தது அதுதான்.

நீளமான முடி இதை ஏன் இப்படிப் பிடித்து வைக்கிறது என்று பலர் கேட்கிறீர்கள். ஒரு முடியை எடுத்து வேரிலிருந்து நுனிக்கு விரலால் நீவிப் பாருங்கள், வழவழவென்று போகும். நுனியிலிருந்து வேருக்கு நீவினால் லேசாகச் சொரசொரக்கும். முடியின் மேல்தோல் ஓட்டு வீட்டுக் கூரை போல, ஒன்றன்மேல் ஒன்றாக, நுனியைப் பார்த்து வேய்ந்திருக்கிறது. மூன்று அடிக் கூந்தல் என்றால் அதன் நுனிக்கு ஆறு வயசு. ஆறு வருஷம் வெயிலும் சீப்பும் பட்ட இடத்தில் ஓடுகள் தூக்கிக்கொண்டு நிற்கும், பஞ்சு அங்கேதான் போய் மாட்டும். இதற்கு மேல், யாருக்கும் ஒரு நாளைக்கு ஐம்பதிலிருந்து நூறு முடி தானாகவே உதிரும். பின்னல் போட்டிருந்தால் உதிர்ந்தது கீழே விழாமல் உள்ளேயே வலை மாதிரி நிற்கும். இரண்டு நாள் அவிழ்க்காத பின்னலை என்னிடம் அவிழ்த்ததும் கை நிறைய வருவதைப் பார்த்து "இந்தப் பார்லருக்கு வந்துதான் முடி கொட்டுது" என்பவர்கள் உண்டு. அது ஏற்கெனவே கொட்டிய முடி, அக்கா.

அப்புறம் கரண்ட். பள்ளிக்கூடத்தில் பிளாஸ்டிக் சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துண்டைத் தூக்கியிருப்பீர்கள். மார்கழி, தை மாதத்துக் காய்ந்த காற்றில் நைலான் பிரஷ்ஷைப் போட்டு வேகமாக இழுத்தால் அதே வேலைதான் நடக்கும், காகிதத்துக்குப் பதிலாகப் பஞ்சு வந்து ஒட்டும். ஆடி மாதத்தில் கேட்கவே வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று ரோட்டு மண்ணை அப்படியே அள்ளிக் கொண்டுவந்து தலையில் கொட்டும்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், செய்து பாருங்கள். காலையில் எண்ணெய் தடவிக்கொண்டு கம்பெனிக்குப் போகாதீர்கள். ஈ ஒட்டும் அட்டை மாதிரி தலை ஆகிவிடும். எண்ணெயை ராத்திரி வைத்து, மறுநாள் அலசுவதாக இருந்தால் மட்டும் வையுங்கள். பின்னலைத் தொங்க விடாமல் மடித்துக் கட்டுங்கள் அல்லது கொண்டை போடுங்கள். கம்பெனியில் தலைக்குல்லா கொடுத்தால் நெற்றி முடி வரை உள்ளே போகிற மாதிரி போடுங்கள். பாதித் தலையில் அழகுக்கு வைத்துக்கொள்வதில் பிரயோஜனம் இல்லை. காட்டன் துப்பட்டாவைச் சுற்றினால் அது தன் பஞ்சையும் சேர்த்துக் கொடுக்கும், வழவழப்பான சாட்டின் துணி தேவலை.

வீட்டுக்கு வந்ததும் நேராகத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் நிறைய. அதுதான் தப்பு. நனைந்த பஞ்சு முடியோடு சேர்ந்து திரிந்து கயிறாகிவிடும், அதற்கப்புறம் கத்தரிதான். முதலில் காய்ந்த முடியில், அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி சிக்கெடுங்கள். பிறகு நெருக்கப் பல் சீப்பை ஒரு தடவை, குனிந்து நின்று, கீழே பழைய பேப்பர் போட்டு ஓட்டுங்கள். விழுவதைப் பார்த்தால் உங்களுக்கே சிரிப்பு வரும். அதன் பிறகு குளியல். துவட்டுவதற்குப் புதுத் தேங்காய்ப்பூ துண்டு வேண்டாம், இரண்டு மூன்று முறை துவைக்கும்வரை அது உதிர்த்துக்கொண்டே இருக்கும். நம் ஊரில் பனியன் துணிக்கா பஞ்சம்? பழைய டீஷர்ட் ஒன்றில் சுற்றி ஒற்றி எடுங்கள். வெட்டின துணியாக இருந்தால் ஓரம் ஓவர்லாக் அடித்ததாகப் பாருங்கள், இல்லாவிட்டால் அதிலிருந்தும் பிசிறு.

இனி பிரஷ். நம் கடையில் ஒவ்வொரு தலைக்கும் பிறகு பிரஷ்ஷில் இருக்கிற முடியை வால் சீப்பின் முனையால் தூக்கி எடுத்துவிடுவோம். வராததை வரிசைகளுக்கு நடுவில் கத்தரியால் நீளவாக்கில் வெட்டி உருவுவோம். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் ஷாம்பு கலந்து, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் அடியில் தேய்த்து, அலசி, பல் கீழே இருக்கிற மாதிரி துணியில் கவிழ்த்துக் காய வைப்போம். கொதிக்கிற தண்ணீர் ஊற்றக் கூடாது, பற்கள் வளைந்துவிடும். மெத்தை வைத்த பிரஷ்ஷை முக்கி ஊற வைக்கவும் கூடாது. அந்த மெத்தையில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், தண்ணீர் உள்ளே போய்த் தங்கினால் நாற்றம் எடுக்கும். மரச்சீப்பை ஈரத் துணியால் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும்.

இவ்வளவு செய்தும் பற்களின் அடியில் ஒரு சாம்பல் வளையம் நிற்கும். பஞ்சு பல்லைச் சுற்றி இறுகிவிட்டால் ஊசி வைத்து ஒவ்வொன்றாகக் குத்தித்தான் எடுக்க வேண்டும். "கிருமியைக் கொல்லுகிற நீல லைட் பெட்டி வாங்கி அதில் வைக்கலாமே" என்று ஒருவர் குரூப்பில் எழுதியிருந்தார். எண்ணெயும் பஞ்சும் ஒட்டிய பிரஷ்ஷை அதற்குள் வைத்தால் வெளிச்சம் படுகிற மேல்பக்கத்தோடு சரி, பஞ்சுக்கு அடியில் ஒன்றும் ஆகாது. முதலில் கழுவுவதுதான் வேலை. அதை நான் ஒன்பது வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறேன்.

போட்டோ வந்த அந்த சனிக்கிழமை என்ன நடந்தது என்றால், நாலு வருஷம் என்னுடன் இருந்த பொண்ணுக்குக் கல்யாணம் ஆகி, அதற்கு முந்தின வாரம்தான் ஊருக்குப் போயிருந்தாள். சனிக்கிழமை சம்பள நாள், கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நான் ஒருத்திதான் இருந்தேன். அந்த ரோஸ் பிரஷ் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கழுவாமல் விட்டுப்போனது. அதற்கு மன்னியுங்கள். ஆனால் ஒரு பிரஷ்ஷை வைத்து எல்லா பிரஷ்ஷும் அப்படித்தான் என்று சொன்னது நியாயமா என்று நீங்களே சொல்லுங்கள்.

இப்போது புதிதாக இரண்டு டஜன் பிரஷ் வாங்கியிருக்கிறேன், கழுவினது ஒரு டப்பாவில், கழுவ வேண்டியது இன்னொரு டப்பாவில் உங்கள் கண் முன்னாலேயே இருக்கும். சொந்த பிரஷ் கொண்டு வருகிறவர்கள் தாராளமாகக் கொண்டு வரலாம். இங்கேயே விட்டுப்போக விரும்பினால் பெயர் எழுதிய துணிப் பையில் போட்டு வைக்கிறேன். உதவிக்கு ஒரு பொண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறேன், தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

அடுத்த மாதம் 1ஆம் தேதியிலிருந்து ஹேர் வாஷ் 150 ரூபாய் என்பது 200 ஆகிறது, இடுப்புக்குக் கீழே முடி உள்ளவர்களுக்கு 250. சனிக்கிழமை ராத்திரி 8 மணிக்கு மேல் ஹேர் வாஷ் கிடையாது.

பார்லருக்கு 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டதே, பிறகு ஏன் ஏற்றுகிறாய் என்று கேட்பீர்கள். நம்முடையது ஜிஎஸ்டி பதிவுக்குள்ளேயே வராத சின்னக் கடை, நான் உங்களிடம் வரி வாங்கியதே இல்லை, குறைப்பதற்கு. ஷாம்பு விலை கொஞ்சம் இறங்கியது உண்மைதான். லாரித் தண்ணீரும் வாடகையும் இறங்கவில்லை. பஞ்சு நிறைந்த மூன்று அடிக் கூந்தலை அலச எத்தனை குடம் போகும் என்பது அலசுகிற கைக்குத்தான் தெரியும். அதே வருஷம் ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டு, பல கம்பெனிகளில் வேலை நாள் குறைந்தபோது, உங்கள் கையில் காசு இல்லை என்று தெரிந்து நான் ஒரு ரூபாய்கூட ஏற்றவில்லை. சொல்லிக் காட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம்.

போட்டோ வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஒருத்தரும் வர மாட்டார்கள் என்று நினைத்துத்தான் ஷட்டரைத் தூக்கினேன். ஒன்பதரைக்கெல்லாம் வாசலில் ஆறு பேர். அதில் ஒரு அக்கா, ஃப்ளீஸ் கம்பெனிக்காரர், பின்னலை அவிழ்த்து நாற்காலியில் உட்கார்ந்து, "இந்தா, என் பஞ்சையும் போட்டோ எடுத்துப் போடு" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. உங்கள் எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க.

புதன்கிழமை மத்தியானம் கூட்டம் இருக்காது. இந்த மாதம் முழுக்க, வீட்டில் இருக்கிற சீப்பு, பிரஷ் எதுவானாலும் புதன்கிழமை 2 மணியிலிருந்து 4 மணிக்குள் கொண்டு வாருங்கள். கழுவித் தருகிறேன், காசு வேண்டாம். மெத்தை பிரஷ் மட்டும் காய ஒரு நாள் ஆகும், வியாழக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பார்லர் அக்கா