செயலாளர் ஆண்டறிக்கை 2025–26

நம் வானியல் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் நடந்தன. பள்ளிகளில் நிலாக் காட்டும் நிகழ்ச்சிக்கு எப்போதும்போல் நல்ல கூட்டம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் அதற்குள் நழுவிவிட வேண்டாம்.

இந்த ஆண்டின் பெரிய வேலை, தொலைதூரக் கோள்களின் நிலவுகளைப் படம் பிடித்ததுதான். வியாழனின் நான்கும் சனியின் டைட்டனும் நமக்குப் பழகிப்போனவை என்பதால், சென்ற பொதுக்குழுவில் நெப்டியூன், யுரேனஸ் என்று முடிவானது. நெப்டியூன் சிரமம் தரவில்லை. அதன் நிலவு டிரைட்டன் 13.5 மேக்னிட்யூட் (பிரகாச அளவு; எண் கூடக்கூட மங்கல்), எட்டு அங்குலத் தொலைநோக்கியில் சில விநாடி எக்ஸ்போஷர்களை அடுக்கியதும் கோளை ஒட்டி வந்துவிட்டது.

யுரேனஸ்தான் படுத்தியது. அது சூரியனுக்கு நேரெதிரே வந்தது நவம்பர் 21, நம் ஊரில் மழைக்காலம். சரி, ஜனவரியில் பார்ப்போம் என்று காத்திருந்தால், கார்த்திகை விண்மீன் கூட்டத்துக்குத் தெற்கே இருந்த கோள் முன்னிரவில் ஏறக்குறைய தலைக்கு மேலே நின்றது. படத்துக்கு அது நல்லதுதான். ஆனால் டாப்சோனியன் வகைத் தொலைநோக்கி வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், உச்சிக்கருகே குழாயைத் திருப்புவது என்ன பாடு என்று!

யுரேனஸைவிட அதன் நிலவு டைட்டானியா ஏறத்தாழ 2,000 மடங்கு மங்கல். நிலவுக்கேற்ற எக்ஸ்போஷர் வைத்தால் கோள் வெளுத்துப் பூசணிக்காயாக வீங்குகிறது. கோளுக்கேற்றதை வைத்தால் நிலவே இல்லை. ஆகவே இரண்டு தொகுதி எடுத்துச் சேர்த்தோம், படத்தின் கீழ் அதைச் சொல்லியும்விட்டோம். டைட்டானியாவும் ஓபெரானும் இப்படிக் கிடைத்தன. கோளுக்கு நெருக்கமான ஏரியலுக்கும் அம்ப்ரியலுக்கும் அகச்சிவப்பு ஃபில்டர் கைகொடுத்தது. யுரேனஸின் மீத்தேன் அந்த ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடுவதால் கோள் அடங்குகிறது, நிலவுகள் தப்பிக்கின்றன.

அப்புறம் யுரேனஸின் இன்னொரு நிலவு மிராண்டா. 16.5 மேக்னிட்யூட் உள்ள இதைப் பிடித்துவிட்டதாக ஒரு படம் வாட்ஸ்அப் குழுவில் வந்து, வாழ்த்துகளும் குவிந்தன. மறுநாள் எடுத்ததில் கோள் நகர்ந்திருந்தது, அந்தப் புள்ளி இருந்த இடத்திலேயே இருந்தது. பின்னணி விண்மீன். அதிலிருந்து செயற்குழு ஒரு விதி வைத்தது: இரண்டு இரவுப் படங்களில் கோளோடு சேர்ந்து நகர்ந்தால்தான் சங்கத்தின் ஆல்பத்தில் இடம். யுரேனஸின் துருவம் இப்போது பெருமளவு நம் பக்கம் சாய்ந்திருப்பதால் நிலவுகள் கோளைச் சுற்றிவருவது முழுசாகத் தெரிகிறது, சரிபார்ப்பது கஷ்டமில்லை.

விதி அதிகப்படி என்று சிலருக்கு வருத்தம். 1787இல் டைட்டானியாவையும் ஓபெரானையும் கண்ட வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல், பிறகு இன்னும் நான்கு நிலவுகளை அறிவித்தார், நான்குமே இல்லாதவை. நம் காவலூர் வானாய்வகத்திலும் 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் அருகே ஒரு விண்மீனின் ஒளி சட்டென்று குறைந்ததை ஒரு மீட்டர் தொலைநோக்கியில் பதிவுசெய்தார்கள். புதிய நிலவு என்றே நேச்சர் இதழில் கட்டுரை வந்தது. பின்னர்தான் அது யுரேனஸின் வளையம் என்று தெரிந்தது. அவர்களுக்கே அப்படியென்றால் நாம் இன்னொரு இரவு விழிப்பதில் தப்பில்லை என்பது என் கருத்து.

லென்ஸில் பனி படியாமல் காக்கும் ஹீட்டர் பட்டை வாங்குவதற்கும், மேற்சொன்ன விதியை நிரந்தரமாக்குவதற்கும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன். மிராண்டா அடுத்த ஆண்டுக் கணக்கில்.

இப்படிக்கு,
செயலாளர்