கூடாரக் கொப்பி

ரொறன்ரோ,
ஞாயிறு காலை

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்து மூன்று கிழமை ஆகிறது. அல்கோன்குவின் காட்டுக்குப் போய் முந்தாநாள்தான் திரும்பினோம். நனைந்த கூடாரத்தைப் பின்வளவில் காயப்போட்டுவிட்டு, அதன் பக்கத்தில் இருந்தபடி எழுதுகிறேன். உன் முழங்கால் வலி குறைந்தது பெரிய ஆறுதல். மாரி தொடங்க முதல் கூரையையும் பார்த்துக்கொள்.

நம் சாரணர் பாசறையைப் பற்றி நீ எழுதியதை மூன்று தரம் வாசித்தேன். கசூரினாக் கடற்கரையில் கூடாரம் அடித்தோம் என்கிறாய். கீரிமலை என்று நான் சத்தியம் செய்வேன். நடுச்சாமத்தில் கூடாரம் சரிந்தது இருவருக்கும் நினைவிருக்கிறது. கயிற்றைக் கட்டியது யார் என்பதில்தான் ஒத்துப்போகவில்லை. கேட்டுத் தெளிய மாஸ்டரும் உயிரோடு இல்லை. மற்றப் பொடியன்கள் எந்தெந்த நாட்டில் இருக்கிறார்களோ! ஒருவரும் ஒரு துண்டுக் காகிதத்தில்கூட எழுதிவைக்கவில்லை.

அந்தக் கவலைதான் இங்கே என்னைக் கொப்பி வாங்க வைத்தது. பிள்ளைகளோடு போன முதல் பயணத்தில், வழியில் பெட்ரோல் அடித்த இடத்தில் வாங்கினேன். இப்போது நான்காவது கொப்பி ஓடுகிறது. பென்சிலால்தான் எழுதுவோம், மழை பட்டால் மை கரைந்துவிடும். படுக்கப்போக முதல், சாப்பிட்ட மரமேசையிலேயே, தலையில் கட்டும் விளக்கின் வெளிச்சத்தில் ஆளுக்கு மூன்று வரியாவது எழுத வேண்டும். வீட்டுக்கு வந்து எழுதினால் நுளம்புக்கடியும் சண்டையும் காணாமல் போய், எல்லாம் அழகாகிவிடுகிறது. ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தக் கூடாது. மகன் பாதியை ஆங்கிலத்தில் எழுதுவான். அதையும் விட்டுவிட்டேன்.

மனைவியின் பக்கங்களில்தான் பயன் அதிகம். எந்த இடத்தில் நிலம் சரிவாக இருந்து வெள்ளம் உள்ளே வந்தது, எத்தனை சுண்டு அரிசி மிஞ்சியது, எதை மறந்துவிட்டுப் போனோம் என்று எல்லாம் இருக்கும். அந்தக் காட்டில் கரடி உண்டு. சம்பல் போத்தல் மட்டுமல்ல, பற்பசையைக்கூட இரவில் காருக்குள் வைத்துப் பூட்ட வேண்டும் என்பதை அவள் பெரிய எழுத்தில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறாள். ஆவணியில் தங்க வேண்டுமென்றால் ஐந்து மாதத்துக்கு முன்பே, காலை ஏழு மணிக்கு இடத்தைப் பதிவு செய்ய வேண்டும். பங்குனியில் வெளியே பனி கிடக்க, அவளுடைய பக்கங்களைப் பிரித்து வைத்துக்கொண்டுதான் இடம் தெரிவு செய்வோம்.

நான் உனக்குச் சொல்ல வந்தது வேறு. அல்கோன்குவின் 1893இல் உண்டான பூங்கா. யாழ்ப்பாண மாவட்டத்தைப் போல ஏழு மடங்கு பெரியது. ஆகஸ்ட் மாத வியாழக்கிழமைகளில், முந்தின இரவு ஓநாய்களின் குரல் கேட்டிருந்தால் மட்டும், பூங்கா ஊழியர்கள் சனத்தை அங்கே கூட்டிப்போவார்கள். 1963இல் தொடங்கிய வழக்கம். நூற்றுக்கணக்கான கார்கள் நெடுஞ்சாலை ஓரம் வரிசையாக நிற்கும். விளக்கெல்லாம் அணைந்த பிறகு ஊழியர் ஓநாயைப் போல ஊளையிடுவார். நாங்கள் போன அன்று முதல் தரம் பதில் இல்லை. இரண்டாம் தரம், மரங்களுக்கு அப்பாலிருந்து ஒரு குரல் மெல்ல எழுந்தது. பிறகு குட்டிகளும் சேர்ந்துகொண்டன. அத்தனை சனம் நின்ற இடத்தில் ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை.

மகளுக்கு அப்போது எட்டு வயது. பயந்துபோய் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிவந்தேன். இந்த முறை மழையில் கூடாரத்துக்குள் அடைபட்டிருந்தபோது பழைய கொப்பியை எடுத்தேன். தணலின் பொறி பட்டு ஓரம் கருகிய பக்கம். கோணல் எழுத்தில் எழுதியிருக்கிறாள்: ‘ஓனாய் கத்தினது. அப்பா என் கையை பிடிச்சார். நோகுது. நான் சொல்லேல்லை.’

வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், மச்சான். இருட்டில் ஊளைச் சத்தம் கேட்டதும் எனக்கு எந்த இரவு நினைவுக்கு வந்திருக்கும் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. அவள் அருகில் படுத்திருந்தாள். வயது பதினெட்டு. எழுப்பிக் காட்டவில்லை.

நீ எனக்கு ஒன்று செய்ய வேண்டும். பாசறையைப் பற்றி இனி நாம் தொலைபேசியில் பேச வேண்டாம். உனக்கு நினைவிருப்பதை உள்ளபடி எழுதி அனுப்பு. உன்னுடையதை வாசிக்க முதல் என்னுடையதை எழுதி உறையில் போட்டு ஒட்டிவிடுகிறேன். இரண்டையும் ஐந்தாவது கொப்பியின் முதல் பக்கங்களில் ஒட்டப்போகிறேன். கீரிமலையா கசூரினாவா என்று பிள்ளைகள் வாசித்துச் சொல்லட்டும்.

அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

உன் அன்பு நண்பன்