இஸ்திரி அண்ணனுக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

கண்காட்சி நேற்று மாலை முடிந்தது. கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியின் சுவர்களிலிருந்து படங்களை இறக்கி, குட்டியானையில் ஏற்றி, வீடு கொண்டுவந்து சேர்த்தாகிவிட்டது. உடம்பு அசதியாக இருக்கிறது, தூக்கம்தான் வரவில்லை. சரி, நன்றியையாவது சொல்லி முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் என் ஓவியப் பட்டறை என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரியும். உங்களில் பலர் அந்தத் தண்ணீரில் இறங்கி நின்றவர்கள். அந்தக் கதையை மறுபடி எழுதப்போவதில்லை. எழுத வேண்டியது எங்கள் தெருமுனை இஸ்திரி அண்ணனைப் பற்றி.

தண்ணீர் வடிந்த காலையில், நனைந்த படங்களை எப்படிக் காயவைப்பது என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். வெயிலில் வை என்றார் ஒருவர். இன்னொருவர் ஹேர் டிரையரையே கையில் கொண்டுவந்துவிட்டார். அண்ணன் மட்டும் எதுவும் பேசாமல் ஒரு படத்தைத் திருப்பி, பின்பக்கத்தை இரண்டு விரலால் தடவிப் பார்த்தார். "நல்ல காட்டன்தான். அவசரமா காய வச்சா இழுத்துக்கும்மா. சட்டத்தை விட்டுக் கழட்டாதீங்க, வெயிலும் வேணாம்" என்றார். பழைய ஓவியங்களைப் பழுதுபார்க்கும் தோழியைப் பிறகு போனில் பிடித்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவர் சொல்றதையே செய்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

என் படங்கள் பூச்சின்மேல் பூச்சாக வளர்பவை. அடியில் எண்ணெய் குறைவாக, மேலே போகப்போக எண்ணெய் கூடுதலாக. ஆளிவிதை எண்ணெய் தண்ணீரைப்போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மெல்ல இறுகும். அதனால் ஒவ்வொரு பூச்சுக்கும் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். கூரைமேல் நீந்தும் பசுவும், எங்கேயும் போய்ச் சேராத மாடிப்படிகளும் அப்படித்தான் வந்தன. நனைந்த கேன்வாஸ் சுருங்கும், இறுகிப்போன சாயமோ கூடச் சேர்ந்து சுருங்காது. அங்கங்கே எழும்பி, செதில் செதிலாக உதிர்ந்துவிடும். நாங்கள் ஓவியர்கள் மணிக்கணக்கில் சாயத்தைப் பற்றியே பேசுவோம். அண்ணன் கண்ணுக்கு முதலில் பட்டது துணி.

அவர் வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்திருந்தது. பரணில் தப்பித்த மூட்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டு யாரும் திரும்ப வந்து வாங்காத வேட்டிகள், போர்வைகள். மொட்டைமாடி அறையில் படங்களை முகம் மேலே இருக்கும்படி கிடத்தி, அடியில் அந்தத் துணிகளை விரித்து, ஈரம் ஏற ஏற மாற்றிக்கொண்டே இருந்தோம். ராத்திரியும் வந்து பார்த்தார். "உங்களுக்கு வேலை கெடுதே அண்ணே" என்றதற்கு, "கரியே நனைஞ்சு கெடக்கு, என்ன வேலை?" என்று சிரித்தார். பணம் என்ற பேச்சை எடுத்தபோதுதான் முகம் மாறியது. அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

ஒரு படத்தில் மட்டும் தண்ணீர் நின்ற கோடு போகவில்லை. மேலே பூசி மறைக்க மனம் வராமல் அப்படியே மாட்டினேன். அதன் முன்னால் நின்று, அந்த அடுக்குக்கு எந்தச் சாயம் என்று கேட்டவர்கள் உண்டு! அடையாற்றுத் தண்ணீர் என்று சொல்லியிருக்கலாம். பெரியவர் ஒருவர் கே. ராமானுஜத்தின் மை ஓவியங்களை நினைவுபடுத்திப் பேசினார். சென்னையை ஒட்டிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் தொப்பியும் கனவு மாளிகைகளுமாக வரைந்துகொண்டிருந்து, 1973-இல் மறைந்துபோன அந்த மனிதரின் பெயரை என் படத்தருகே கேட்டது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மனைவியோடு வந்தார். ஒரு சுற்று சுற்றிவிட்டு, பசுவின் முன்னால் நின்று, "பின்பக்கம் காட்டுங்க" என்றார். காவலாளி பதறிவிட்டார். இறக்கித் திருப்பிக் காட்டினேன். பூஞ்சை இல்லை, துணி தொய்யவில்லை. "ம், பரவால்ல" என்றார். இந்தக் கண்காட்சிக்குக் கிடைத்த விமர்சனங்களில் எனக்கு அது போதும்.

அப்புறம், சேறு அள்ளிய தம்பிகள், சட்டங்களைக் கடனுக்குச் செய்துகொடுத்த ஆசாரி, தேதி தள்ளிப்போனதும் முகம் சுளிக்காத அரங்க ஊழியர்கள், ஏணியில் ஏறி ஏறி விளக்கைத் திருப்பிய எலக்ட்ரீஷியன், வாங்கிய படத்துக்கு முன்பணம் அனுப்பியவர்கள், வாங்க முடியாவிட்டாலும் இரண்டு முறை வந்தவர்கள், சோறு அனுப்பிய மாடிவீட்டு அக்கா: எல்லோருக்கும் நன்றி. தனித்தனியாக எழுதினால் விடிந்துவிடும்.

இனிமேல் எந்தக் கண்காட்சி வைத்தாலும், அரங்கத்துக்குப் போகும் முன் ஒரு நாள் எங்கள் தெருவில் வைப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். அழைப்பிதழ் கிடையாது, திறப்புவிழா கிடையாது, பின்பக்கத்தையும் திருப்பிப் பார்க்கலாம்.

அண்ணே, அந்த வேட்டிகளில் எல்லாம் சாயம் ஏறிவிட்டது, திருப்பித் தர முடியாது. புதுசாக வாங்கி வைத்திருக்கிறேன். பணம் இல்லை, வேட்டிதான். சண்டை போடாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.