பத்தாம் நம்பர் கூண்டு

கடலூர் முதுநகர்,
ஞாயிறு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மா காலையில் துறைமுகம் வரைக்கும் நடந்துவிட்டு வருகிறாள். திரும்பும்போது மீனும் வாங்கி வருவதால் நடைக்கு ஒருநாளும் லீவு விடுவதில்லை.

பையனுக்கு நம்ம புழு கேம் வாங்கித் தரப்போகிறேன், கடையில் வார்ம்ஸ் என்கிற பெயரிலேயே ஏகப்பட்டது இருக்கிறது, எதை எடுப்பது என்று போனில் கேட்டாய். ‘ஆர்மகெடான்’ என்று ஒரு வார்த்தை அனுப்பினால் போதும். ஆனால் காரணம் சொல்லாமல் விட்டால் நீ படத்தைப் பார்த்துப் புதுசாக எதையாவது வாங்கிவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து டைப் அடிக்கிறேன்.

முதல் வார்ம்ஸ் வந்தது 1995இல். ஆண்டி டேவிட்சன் என்கிற இங்கிலாந்துக்காரர் அமிகா கம்ப்யூட்டரில் பிளிட்ஸ் பேசிக் மொழியில் எழுதி, ஒரு பத்திரிகை நடத்திய போட்டிக்கு அனுப்பினார். பரிசு கிடைக்கவில்லை. கம்பெனிகளுக்கு அனுப்பியும் ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஒரு கண்காட்சிக்குக் கையோடு எடுத்துப்போய் டீம்17 கம்பெனியின் ஸ்டாலில் காட்டினார். அவர்கள் அங்கேயே பேசி முடித்துவிட்டார்கள். முதல் ஆட்டத்தில் புழுக்கள் துளியூண்டாக இருக்கும். அந்த முட்டைக்கண் கார்ட்டூன் உருவம் 1997இல் வந்த இரண்டாவதில்தான் வந்தது. ஆர்மகெடான் 1999. நம் வீட்டுக்கு அது சில வருஷம் கழித்து, ஜெராக்ஸ் அட்டை போட்ட சிடியாக, பாண்டிச்சேரி சண்டே மார்க்கெட்டிலிருந்து வந்தது.

ஆட்டம் ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. அணிக்கு நாலு புழு, ஒவ்வொன்றுக்கும் நூறு உயிர். எதிராளியைச் சுட்டோ தண்ணீரில் தள்ளியோ ஒழிக்க வேண்டும். ஒரு சமயத்தில் ஒரு புழுதான் நகரும், மற்றதெல்லாம் விழித்துக்கொண்டு நிற்கும். நான் ஆர்மகெடானைப் பிடித்துத் தொங்குவது இதற்காகத்தான். ஒருத்தர் கையால் ஆடும்போது மற்ற எல்லோரும் வாயால் ஆடலாம். ஒரே கீபோர்டு, ஒரே நாற்காலி. நீ எழுந்தால் தம்பி, தம்பி எழுந்தால் நான். ஆடவே தெரியாத அம்மாகூட அடுக்களையிலிருந்து, “இன்னும் கொஞ்சம் மேல தூக்குடா” என்பாள்.

தம்பி பாறைக்கு அடியில் நின்ற உன் புழுமேல் கைக்குண்டு எறிந்தானே, ஞாபகம் இருக்கிறதா? குண்டு விளிம்பில் பட்டுத் துள்ளி நேராக அவன் காலடிக்கே வந்து உட்கார்ந்தது. வெடித்ததும் அவன் புழு எகிறிப்போய் ஒரு கண்ணிவெடிமேல் விழுந்தது. அது வெடித்து, பக்கத்தில் இருந்த எண்ணெய் பீப்பாயும் வெடித்து, நெருப்பு ஒழுகி ஒழுகி, பள்ளத்தில் சிவனே என்று கிடந்த என் புழுவிடம் வந்து சேர்ந்தது. உயிர் தீர்ந்த புழு உடனே சாகாது. எல்லாம் அடங்கியதும் டாட்டா சொல்லி, வெடிப்பெட்டியின் பிடியை அழுத்தித் தன்னைத்தானே வெடித்துக்கொள்ளும். பக்கத்தில் நிற்பவனுக்கும் அதில் பங்கு உண்டு. தம்பியின் புழு அப்படிச் செத்த வேகத்தில் என் புழு கடலில் போய் விழுந்தது. உன் புழுவுக்கு ஒரு கீறல் இல்லை. இவ்வளவும் நடந்தபோது யாரும் கீபோர்டைத் தொடக்கூட இல்லை.

அப்புறம் காற்று. பசூக்கா குண்டைக் காற்று தள்ளிக்கொண்டு போகும், கைக்குண்டை ஒன்றும் செய்யாது. இதைப் பேரனுக்கு முதல் நாளே சொல்லிவிடு. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நீங்கள். திரையில் காற்றின் வேகத்தைக் காட்டும் பட்டை கொஞ்சம் நீண்டால் “ஒண்ணாம் நம்பர்”, முழுக்க நீண்டால் “பத்தாம் நம்பர் கூண்டு!” என்று கத்துவீர்கள். 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் ஊரையே பிரித்துப் போட்டது. பல நாள் கழித்துக் கரண்ட் வந்ததும் தம்பி முதல் வேலையாகக் கம்ப்யூட்டரைப் போட்டான். பட்டை முழுசாக நின்றது. அவன் வாயைத் திறப்பதற்குள் ஆயா, “எவனாவது கூண்டுன்னு சொன்னீங்க, தொடப்பக்கட்டை பிஞ்சிடும்” என்றது. அதிலிருந்து பத்தாம் நம்பருக்கு உங்கள் பாஷையில் “ஆயா காத்து”.

மற்ற வார்ம்ஸ் ஆட்டங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2003இல் முப்பரிமாணத்துக்குப் போனார்கள். களம் முழுவதும் ஒரே பார்வையில் தெரியாது, கேமராவைத் திருப்பித் திருப்பிக் கழுத்து வலிதான் மிச்சம். 2012இல் வந்த ரெவல்யூஷனில் தண்ணீர் ஓடும், தேங்கும். அது அழகு, இல்லை என்று சொல்லவில்லை. 2016இல் வந்த டபிள்யூ.எம்.டி.யில் டாங்கி, ஹெலிகாப்டர் எல்லாம் உண்டு. பையன் பழசைப் பார்த்து முகம் சுளித்தால் அதை வாங்கு, மோசமில்லை. 2020இல் வந்த ரம்பிள் மட்டும் வேண்டாம். முப்பத்திரண்டு பேர் ஒரே நேரத்தில் ஓடி ஓடிச் சுடுகிறார்கள், உன் முறை, என் முறை என்பதே கிடையாது. அப்படிச் சுட்டுத் தள்ள ஆயிரம் விளையாட்டு இருக்கிறது, அதற்குப் புழு எதற்கு?

ஆர்மகெடான் பழசாச்சே, புது கம்ப்யூட்டரில் ஓடுமா என்று பயப்படாதே. கம்பெனியின் சம்மதத்தோடு ரசிகர்களே அதைப் பழுது பார்த்து வருகிறார்கள். 2020இல்கூட 3.8 என்று ஒரு பெரிய அப்டேட் வந்தது.

இன்னொன்று. அதில் புழுக்களின் குரலை நாமே மாற்றிக்கொள்ளலாம். நீயும் தம்பியும் மைக்கைப் பிடித்துப் பேசிப் பதிவு செய்த ஃபோல்டர் பழைய ஹார்ட் டிஸ்கில் பத்திரமாக இருக்கிறது, டிரைவில் ஏற்றிவிட்டேன். சொந்த அணிக்காரனைச் சுட்டால் “அடப்பாவி, நம்மாளுடா!” என்பது உன் குரல். தனக்குத்தானே வெடி வைத்துக்கொண்டால் “சனியனே, கண்ணு எங்க வச்சிருக்க?” என்பது ஆயா. கொள்ளுப்பேரனுக்காகப் புதுசாக நாலு திட்டு திட்டு என்று நேற்று போனை நீட்டினேன். “சாப்பிட்டியாடா கண்ணு” என்பதைத் தவிர வேறு ஒன்றும் வரவில்லை. அதையும் அனுப்பியிருக்கிறேன், குண்டு விழும் இடத்தில் போட்டுப் பார்.

சனிக்கிழமை நம்ம ஊர் நேரம் ராத்திரி எட்டுக்கு நான் ரெடி. எனக்கும் நாலு புழு, பேரனுக்கும் நாலு புழு. சின்னப் பையன் என்று சலுகை எதுவும் கேட்கக் கூடாது.

அன்புடன்,
அப்பா